சமன் போட்டுப் பாடமாக்கினால் ஆங்கிலம் வராது



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளின் ஆங்கிலத்துக்காக மாதா மாதம் காசு கட்டுகிற பெற்றோர் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் நமது ஊர் வட்ஸ்அப் குழுமங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்துவிடுகிறது. பத்து நாளில் இருநூறு ஃப்ரேஸல் வேர்ப், ஒரு மாதத்தில் ஐந்நூறு ஃப்ரேஸல் வேர்ப் என்று ஒன்றன் பின் ஒன்றாக விளம்பரங்கள். வகுப்பில் சேர்ந்தால் ஒரு டியூட் கையில் தருகிறார்கள். இடப் பக்கம் ஆங்கிலம், நடுவில் சமன் குறி, வலப் பக்கம் தமிழ். பிள்ளை அதை வைத்துக்கொண்டு மஃரிபுக்குப் பிறகு சத்தம் போட்டுப் பாடமாக்குகிறது. உம்மாவுக்கும் சந்தோஷம், பிள்ளை ஆங்கிலம் படிக்கிறதே என்று.

பாடசாலையில் ஆங்கிலம் கற்பிக்கிற நாங்கள் வெளிப்படையாகவே சொல்கிறோம். இது ஆங்கிலம் படிப்பது அல்ல. சமன் குறியைப் படிப்பது. இதனால் போவது காசு மட்டும் என்றால் இந்தப் பதிவே தேவையில்லை. காசோடு சேர்ந்து பிள்ளையின் தைரியமும் போகிறது.

முதலில் ஒரு விளக்கம். வினைச்சொல் ஒன்றோடு அப், ஓஃப், அவுட், டவுன், ஓன், இன் போன்ற ஒரு சின்னச் சொல் ஒட்டி, இரண்டும் சேர்ந்து வேறு கருத்தைத் தருவதுதான் ஃப்ரேஸல் வேர்ப். கிவ் என்றால் கொடு. அப் என்றால் மேலே. கிவ் அப் என்றால் மேலே கொடு அல்ல, கைவிடு. வெளியாட்களுக்கு இது கஷ்டம் என்பது இன்று கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1755இல் தனது ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன், அதன் முன்னுரையிலேயே இந்த வகைச் சொற்கள்தான் அந்நியருக்கு மிகப் பெரிய சிரமம் என்று எழுதி வைத்திருக்கிறார். ஆகவே ஃப்ரேஸல் வேர்ப் தேவையில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆங்கிலேயர் வீட்டிலும் வேலைத்தளத்திலும் கதைக்கிற ஆங்கிலம் பெரும்பாலும் இதுதான். தேவை என்பதால்தான் கோபம் வருகிறது. இவ்வளவு தேவையான ஒன்றை இவ்வளவு மோசமாக விற்கிறார்களே!

பட்டியலில் என்ன பிழை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, சமன் குறி பொய் சொல்கிறது.

டியூட்டில் டேக் ஓஃப் சமன் புறப்படு என்று இருக்கும். விமானத்துக்கு அது சரி. அதே பிள்ளை ஒரு கதையில், ஒருவர் தன் சப்பாத்தை டேக் ஓஃப் செய்தார் என்று வாசிக்கிறது. சப்பாத்து எங்கே புறப்பட்டுப் போனது என்று விழிக்கிறது. கழற்றுவதும் டேக் ஓஃப்தான் என்று அந்த டியூட் சொல்லவில்லை. கோ ஓஃப் இன்னும் மோசம். பால் கோ ஓஃப் ஆனால் கெட்டுவிட்டது. அலாரம் கோ ஓஃப் ஆனால் அடித்தது. லைட் கோ ஓஃப் ஆனால் அணைந்தது. குண்டு கோ ஓஃப் ஆனால் வெடித்தது. இதில் எதைச் சமன் குறிக்கு வலப் பக்கம் போடுவீர்கள்?

இது நாங்கள் தேடிப் பிடித்த விதிவிலக்கு அல்ல. டீ கார்ட்னர், மார்க் டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2007இல் பிரித்தானிய ஆங்கிலத்தின் மிகப் பெரிய சொற்தொகுதி ஒன்றை எடுத்து ஆராய்ந்தார்கள். அதிகம் பயன்படுகிற 100 ஃப்ரேஸல் வேர்ப்களுக்கு மட்டும் 559 கருத்துகள் வந்தன. ஒன்றுக்குச் சராசரியாக ஐந்துக்கு மேல். பட்டியல் கொடுப்பது ஒன்றே ஒன்று.

இரண்டாவது, ஒரே முகமுள்ளவர்களை ஒரே வரிசையில் நிறுத்துகிறார்கள்.

புட் ஓஃப், புட் ஓன், புட் அவுட், புட் அப், புட் அப் வித். பட்டியல் அகர வரிசையில் போவதால் இவை அடுத்தடுத்து வரும். இரட்டைப் பிள்ளைகள் ஐந்து பேரை ஒரே நாளில் அறிமுகம் செய்து, நாளைக்குப் பெயர் சொல்லு என்றால் யாருக்கு முடியும்? பரீட்சைத் தாளில் பிள்ளை கல்யாணத்தைப் புட் அவுட் செய்துவிடுகிறது, நெருப்பைப் புட் ஓஃப் செய்துவிடுகிறது. கல்யாணத்தை அணைத்து, நெருப்பை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கிறது! சிரிப்பதற்கு நன்றாக இருக்கும். நெருப்பு உண்மையாகப் பிடிக்கிற இடத்தில், மேற்பார்வையாளர் ஆங்கிலத்தில் கத்துகிற இடத்தில், கட்டாரிலோ துபாயிலோ நமது பிள்ளை வேலைக்கு நிற்கும்போது சிரிப்பு வராது.

மூன்றாவது, வசனத்தில் எங்கே வைப்பது என்று பட்டியல் சொல்வதே இல்லை.

விளக்கை அணை என்பதற்கு டேர்ன் ஓஃப் த லைட் என்றும் சொல்லலாம், டேர்ன் த லைட் ஓஃப் என்றும் சொல்லலாம். ஆனால் 'அதை அணை' என்று சொல்ல வரும்போது டேர்ன் இட் ஓஃப் மட்டும்தான். இட் நடுவில் வந்தே ஆக வேண்டும். டேர்ன் ஓஃப் இட் பிழை. லுக் ஆஃப்டர் என்பதில் அப்படி நடுவில் நுழையவே முடியாது. லுக் ஆஃப்டர் ஹிம்தான் சரி. ஐந்நூறு பாடமாக்கிய பிள்ளையிடம் இந்த ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். லுக் ஃபோவர்ட் டு என்பதற்குப் பிறகு மீட் வருமா, மீட்டிங் வருமா என்று கேட்டுப் பாருங்கள். மீட்டிங்தான். விண்ணப்பக் கடிதத்தின் கடைசி வரியில் வருகிற விஷயம் இது. கடிதத்தை வாசிக்கிற அதிகாரி அங்கேதான் பேனையை வைக்கிறார்.

நாட்டில் நாம் எல்லோரும் கதைக்கிற ஆங்கிலத்தையே பாருங்கள். 'ஓஃப் த லைட்', 'ஓன் த ஃபேன்' என்கிறோம். டேர்ன் காணாமல் போய்விட்டது, வால் மட்டும் மிஞ்சியிருக்கிறது. 'கெம்பஸ் பாஸ் அவுட்' என்று பெருமையாகச் சொல்கிறோம். நமக்குள் அது விளங்கும், குறையும் இல்லை. ஆனால் ஒரு வெளிநாட்டுக்காரரிடம் சொன்னால் கெம்பஸில் மயங்கி விழுந்ததாக நினைப்பார். அவர்கள் வழக்கில் பாஸ் அவுட் என்றால் முதலில் நினைவுக்கு வருவது மயக்கம்தான். இப்படி எங்கே, யாரிடம், எப்போது என்பதைக் கற்றுக்கொடுப்பதுதான் மொழி வகுப்பு. பட்டியலுக்கு வாயும் இல்லை, காதும் இல்லை.

நான்காவது, எண்ணிக்கை ஒரு வியாபாரத் தந்திரம்.

இருநூறு வகுப்பை ஐந்நூறு வகுப்பு முந்துகிறது, அதை ஆயிரம் வகுப்பு முந்துகிறது. கூடக் கூட நல்லது என்று பெற்றோரும் நினைக்கிறோம். கார்ட்னரும் டேவிஸும் எடுத்த கணக்கின்படி அதிகம் புழங்குகிற அந்த நூறு மட்டுமே ஃப்ரேஸல் வேர்ப் வருகிற இடங்களில் பாதிக்கு மேல் நிரப்பிவிடுகின்றன. 2015இல் மெலடி கார்னியே, நோர்பர்ட் ஷ்மிட் என்ற இருவர் அதிகம் பயன்படுகிற 150ஐ எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அடிக்கடி வருகிற கருத்து எது என்று வடிகட்டினார்கள். சராசரியாக ஒன்றுக்கு இரண்டு கருத்துகள் தெரிந்தாலே, அவை வருகிற இடங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விளங்கிவிடும் என்று கண்டார்கள். முன்வரிசையில் இருப்பவையும் பெரிய வித்துவச் சொற்கள் அல்ல. கோ ஓன், பிக் அப், கம் பேக், ஃபைண்ட் அவுட். இவ்வளவுதான். ஆயிரத்தை விற்கிறவர், அடிக்கடி வருகிற நூற்றைம்பதை ஒழுங்காகப் பழக்கியிருக்கிறாரா? அதைக் கேளுங்கள்.

இனி எங்களுக்கு மிகவும் மனவருத்தம் தருகிற விஷயத்துக்கு வருகிறோம்.

நமது பிள்ளைக்கு இந்த விளையாட்டு ஏற்கெனவே தெரியும். தமிழில் தெரியும். அதை யாரும் பிள்ளைக்குச் சொல்வதில்லை.

'கல்யாணத்த அடுத்த மாசத்துக்குத் தள்ளிப் போட்டாங்க' என்று வீட்டில் கதைக்கிறோம். யாராவது கல்யாணத்தைத் தள்ளினார்களா? எங்கேயாவது போட்டார்களா? இல்லை. தள்ளு, போடு இரண்டும் சேர்ந்து ஒரு புதுக் கருத்து. ஆங்கிலத்தில் அதுதான் புட் ஓஃப். புட் என்றால் போடு, ஓஃப் என்றால் அப்பால். ஆங்கிலேயரும் நமது உம்மும்மாவும் ஒரே மாதிரித்தான் யோசித்திருக்கிறார்கள்.

'தம்பியப் பாத்துக்கோ, நான் கடைக்குப் போய்ட்டு வாறன்' என்று உம்மா சொன்னால், பிள்ளை கதிரையில் இருந்து தம்பியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. கவனிக்கிறது. பார் என்ற சொல்லில் இருந்து கவனிப்பு வந்துவிட்டது. லுக் ஆஃப்டர் அதேதான். லுக் என்றால் பார்.

கொடு என்பதில் இருந்து விட்டுக்கொடு வந்தது. கிவ் என்பதில் இருந்து கிவ் இன் வந்தது. காண், பிடி இரண்டும் சேர்ந்து கண்டுபிடி. ஃபைண்ட், அவுட் இரண்டும் சேர்ந்து ஃபைண்ட் அவுட். காட்டிக்கொடு என்றால் காட்டுவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை, துரோகம் என்று ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரியும். யாராவது அதற்குப் பட்டியல் போட்டுப் பாடமாக்கக் கொடுத்தார்களா?

இன்னும் ஒன்று. சாப்பிடு என்பதற்கும் சாப்பிட்டுவிடு என்பதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டாவதில் மிச்சம் வைக்காதே, முடித்துவிடு என்ற அழுத்தம் இருக்கிறது. ஈட் என்பதற்கும் ஈட் அப் என்பதற்கும் உள்ள வித்தியாசமும் அதுவே. ட்ரிங்க் அப், யூஸ் அப், க்ளீன் அப் என்று எத்தனையோ இடத்தில் அந்த அப், நமது 'விடு' செய்கிற வேலையைச் செய்கிறது. எழுது என்பதற்கும் எழுதி வை என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை ரைட், ரைட் டவுன் இரண்டிலும் காணலாம். எல்லாமே இப்படிப் பொருந்திவராது. தமிழில் வினையோடு வினை ஒட்டுகிறது, ஆங்கிலத்தில் வினையோடு அப், ஓஃப் ஒட்டுகிறது. ஆனால் இரண்டு சொல் சேர்ந்தால் மூன்றாவது கருத்து பிறக்கும் என்ற அறிவு நமது பிள்ளையின் நாக்கிலேயே இருக்கிறது. அதைத் தட்டியெழுப்புகிற ஆசிரியரிடம் படிக்கிற பிள்ளை, 'அட, இது நம்மட தமிழ் மாதிரித்தானே' என்று சொல்லும். பட்டியலிடம் படிக்கிற பிள்ளை, 'எனக்கு இங்லிஷ் ஏறாது' என்று சொல்லும்.

இந்தக் கடைசி வசனத்தைத்தான் நாங்கள் பயப்படுகிறோம். ஐந்நூறு பாடமாக்கிய பிள்ளை நேர்முகப் பரீட்சைக்குப் போகிறது. ஒரு கேள்வி வருகிறது. மூளை டியூட்டின் பக்கங்களைப் புரட்டுகிறது. அதற்குள் நேரம் போய்விடுகிறது. வெளியே வந்த பிள்ளை டியூட்டைக் குறை சொல்வதில்லை, தன்னைத்தான் குறை சொல்கிறது. பதினாறு வயதில் எடுத்த அந்த முடிவோடு முப்பது வயது வரை இருக்கிறது. இந்த நாட்டில் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்று சிங்களத்தில் சொல்வார்கள். வாள் என்று அர்த்தம். தெரிந்தவன் தெரியாதவனை வெட்டுவதற்கு வைத்திருக்கிற வாள். அந்த வாளுக்கு முன்னால் நமது பிள்ளைகளைக் கையில் ஒரு காகிதக் கட்டோடு அனுப்புகிறோம்.

இதற்கு வருகிற மறுப்புகளையும் பார்ப்போம்.

பரீட்சைக்கு வேண்டுமே என்பார்கள். சாதாரண தர ஆங்கிலத்தில் வாசித்து விளங்க வேண்டும், கடிதமும் கட்டுரையும் எழுத வேண்டும். இருநூறு சமன் குறி தெரிந்தவருக்கு அங்கே புள்ளி இல்லை, இருபதைப் பொருத்தமான இடத்தில் எழுதுகிறவருக்குத்தான் புள்ளி.

பாடமாக்குவதைக் குறை சொல்லலாமா, நமது பிள்ளைகள் குர்ஆனையே மனனம் செய்கிறார்களே என்பார்கள். நல்ல கேள்வி. ஹிப்ழ் மத்ரஸாவில் எந்த உஸ்தாதும் சொற்களைப் பிய்த்துப் பட்டியல் போட்டுக் கொடுப்பதில்லை. முழு வசனமாக ஓதுகிறார்கள். புதிய பாடத்தோடு பழைய பாடத்தையும் தினமும் ஓதுகிறார்கள். ஓர் ஆளுக்கு முன்னால் இருந்து ஓதிக் காட்டுகிறார்கள். தொழுகையில் ஓதுகிறார்கள். ஓதாமல் விட்டால் நழுவிவிடும் என்று ஒவ்வொரு ஹாபிழுக்கும் தெரியும். முழுதாக, திரும்பத் திரும்ப, ஆளுக்கு முன்னால், பயன்பாட்டில். இந்த நான்கில் ஒன்றாவது அந்த டியூட்டில் இருக்கிறதா? மனனத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. மனனம் என்ற பெயரில் நடக்கிற கூத்தைத்தான் குறை சொல்கிறோம்.

வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாதே என்பார்கள். தெரிய வேண்டியதில்லை. கீழே வருவதைச் செய்யத் தமிழ் தெரிந்த உம்மா போதும்.

என்ன செய்யலாம்?

ஒன்று. வாரத்துக்கு ஐந்து மட்டும். முப்பது வாரத்தில் நூற்றைம்பது வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தனது வீட்டைப் பற்றி ஓர் உண்மையான வசனம். பால் கெட்டுப்போன அன்றைக்கு கோ ஓஃப். மின்வெட்டு வந்த இரவில் இன்னொரு கோ ஓஃப். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற வாப்பாவின் கதையில் ரன் அவுட் ஒவ். கிரிக்கெட்டில் ரன் அவுட் தெரியாத பிள்ளை நமது ஊரில் உண்டா? பெற்றோல் முடிந்துபோனால் அதே ரன் அவுட்டோடு ஒவ் சேரும் என்று சொல்லுங்கள், மறக்காது.

இரண்டு. அகர வரிசையை விடுங்கள், காரியத்தின் வரிசையில் படியுங்கள். விடியற்காலை வேக் அப், கெட் அப், உடுப்புப் போட புட் ஓன். பஸ்ஸில் ஏற கெட் ஓன், இறங்க கெட் ஓஃப். த்ரீவீலில் ஏறும்போது கெட் இன், இறங்கும்போது கெட் அவுட். பிரதேச செயலகத்தில் படிவம் நிரப்ப ஃபில் இன், அதைக் கொடுக்க ஹேண்ட் இன். வழியில் மோட்டார் சைக்கிள் நின்றுபோனால் பிரேக் டவுன். அதை ஏற்கெனவே தமிழிலேயே சொல்கிறோம்!

மூன்று. சொல்ல வையுங்கள். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் இன்றைக்கு என்ன நடந்தது என்று உம்மா தமிழில் கேட்கட்டும். பிள்ளை ஆங்கிலத்தில் மூன்று வசனம் சொல்லட்டும். பிழையாகச் சொன்னாலும் சொல்லட்டும். ராத்தாவோ நாநாவோ சிரித்தால் அவர்களை எழுப்பி விடுங்கள். பிழையைத் திருத்துவதற்குப் பாடசாலையில் நாங்கள் இருக்கிறோம். வாயைத் திறக்க வைப்பது வீட்டால்தான் முடியும்.

நான்கு. வகுப்புக்குக் காசு கட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஒரு மணித்தியால வகுப்பில் எனது பிள்ளை எத்தனை நிமிஷம் கதைக்கும்? நன்றாகக் கற்பிக்கிற தனியார் ஆசிரியர்களும் நமது ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் இந்தக் கேள்விக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள். மற்றவர்கள் டியூட்டின் பக்க எண்ணிக்கையைச் சொல்வார்கள். அதிலேயே விளங்கிவிடும்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கும் பழைய மாணவர் சங்கத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். வருடத்துக்கு ஒரு தடவை மண்டபம் நிறையப் பிள்ளைகளை இருத்தி, ஒலிபெருக்கியில் ஒருவர் கதைக்க, மற்றவர்கள் கொப்பியில் எழுதுகிற கருத்தரங்கு இனி வேண்டாம். அந்தச் செலவில் சனிக்கிழமைகளில் ஒரு மணித்தியாலம், பத்துப் பத்துப் பிள்ளைகளாகக் கதைக்க வைக்கிற வகுப்பு நடத்தலாம். பெண் பிள்ளைகளுக்குத் தனியாக நடத்துங்கள், குறை இல்லை. ஆனால் அவர்களை விட்டுவிடாதீர்கள். ஊரில் பல்கலைக்கழகம் போன, ஆங்கிலம் கதைக்கத் தெரிந்த இளைஞர்களும் யுவதிகளும் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவார்கள்.

டியூட் விற்கிற சகோதரர்களுக்கு எங்களோடு கோபம் வரும். வரட்டும். நூற்றைம்பதை எடுத்து, பிள்ளைகளை வாய் திறக்க வைத்து, ஆறு மாதம் நடத்துங்கள். உங்கள் வகுப்பின் விளம்பரத்தை எங்கள் பக்கத்திலேயே இலவசமாகப் போடுகிறோம்.

பெற்றோருக்குக் கடைசியாக ஒன்று. இன்றிரவே பிள்ளையின் டியூட்டை வாங்கி, ஏதாவது ஐந்தைத் தொட்டுக் காட்டுங்கள். இதை வைத்து நம்மட வீட்டைப் பற்றி ஒரு வசனம் சொல்லு என்று கேளுங்கள். சொன்னால் அல்ஹம்துலில்லாஹ். சொல்லாவிட்டால் பிள்ளையை ஏசாதீர்கள். காசு வாங்கியவரிடம் போய்க் கேளுங்கள்.